நண்பர்களுக்காக மட்டும் அச்சிட்ட பெண்கள்: டோக்கியோ நாட்குறிப்பு

பிப்ரவரி 18, 2025, செவ்வாய்: உவெனோ

வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிவாக இருந்தது, வெயிலும் நன்றாகவே அடித்தது. ஆனாலும் உவெனோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்த சற்று நேரத்தில் காது மடல்கள் மரத்துப்போயின. நிஷி-கசாயில் குடியிருக்கும் என் அக்கா மகள், "சித்தி, வெயிலப் பாத்து ஏமாந்துறாதீங்க, மஃப்ளரைக் கழுத்துல சுத்திக்கிட்டே போங்க" என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். பூங்காவில் நடந்தவர்கள் எல்லோரும் கோட்டின் பைக்குள் கைகளைப் புதைத்துக்கொண்டு நடந்தார்கள்.

நான் இவ்வளவு தூரம் வந்தது சுரிமோனோ என்னும் அச்சுப்படங்களுக்காக. டோக்கியோ எடோ என்ற பெயரில் இருந்த காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1830-கள் வரையில், கியோகா என்னும் வேடிக்கைக் கவிதை எழுதும் குழுக்கள் இங்கே ஏராளமாக இருந்தன. கியோகா 5-7-5-7-7 என்ற கணக்கில் 31 அசைகளுக்குள் முடிந்துவிடும். சிலேடையும், பழைய அரசவைப் பாடல்களைத் தெருப்பேச்சுக்கு இறக்கிக் காட்டும் குறும்பும் அதன் உயிர். அந்தக் குழுக்கள் தம் கவிதைகளை ஓர் ஓவியரின் படத்தோடு சேர்த்து மரக்கட்டையில் செதுக்கச் செய்து, சிறந்த தாளில் குறைந்த பிரதிகள் அச்சிட்டு, பெரும்பாலும் புத்தாண்டுப் பரிசாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டன. படத்தில் மிகப் பல நேரங்களில் ஒரு பெண் இருப்பாள். அக்காலத்துக் கடைகளில் தொங்கவிட்டு விற்ற அழகியர் படங்களை உலகம் நன்றாக அறியும். விற்பனைக்கே வராத இந்தப் பெண்களை அவர்கள் பிறந்த ஊரிலேயே பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தேசிய அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் 1,000 யென், நம் பணத்தில் ஏறத்தாழ 570 ரூபாய். பிரதானக் கட்டடத்தின் மேல்தளத்தில் 10-ஆம் அறை உகியோ-ஏ என்னும் எடோ கால அச்சுப்படங்களுக்கு உரியது. தாவரச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போலப் படங்களை மாற்றுகிறார்கள். அறையையும் அந்தி நேரம்போல் மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். சுரிமோனோ வகையில் சில தாள்கள் இருந்தன. ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் உயரமும் 18 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, ஒரு கையில் அடங்கும் சதுரங்கள். கண்ணாடிக்குள் நேராக நிறுத்தப்பட்டிருந்த அவற்றைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஏனென்றால் நூல்களில் பார்த்ததைவிட அவை மங்கலாகத் தெரிந்தன.

அப்போது பக்கத்தில் நின்ற ஒரு முதியவர், எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது, கைத்தடியைச் சுவர் ஓரமாகச் சாய்த்துவிட்டு, மெல்லக் குந்தி அமர்ந்தார். பிறகு அங்குலம் அங்குலமாக எழுந்தார். மீண்டும் குந்தினார். நான் பார்ப்பதைக் கவனித்தவர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து, தாம் நின்ற இடத்தைக் கையால் காட்டினார். நானும் அப்படியே முழங்காலை மடித்துப் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட உயரத்தில் கண் வந்ததும், அதுவரை சாம்பல் நிறமாகத் தெரிந்த இடை வாரின் ஒரு பகுதி உலோகமாகப் பளிச்சிட்டது. வெறும் வெண்மையாகத் தெரிந்த மேலாடையில் அலை வடிவம் புடைத்து எழுந்தது. நான் தலை குனிந்து நன்றி சொல்ல, அவரும் குனிந்து, தடியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இந்த மரபுக்கு ஒரு தொடக்கம் உண்டு. பழைய சந்திர நாட்காட்டியில் மாதம் ஒன்றுக்கு 30 நாட்கள் அல்லது 29 நாட்கள். எந்த மாதம் நீண்டது, எது குறுகியது என்பது ஆண்டுதோறும் மாறும். நாட்காட்டி வெளியிடும் உரிமை ஒரு சிலருக்கே இருந்தது. ஆகவே வசதி படைத்த கலை ஆர்வலர்கள் நீண்ட மாதங்களின் எண்களைப் படத்துக்குள் ஒளித்து வைத்து, புதிர் நாட்காட்டிகளாக அச்சிட்டுத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். 1765-ஆம் ஆண்டு எடோவில் இது பெரும் மோகமாகப் பரவியது. அந்த ஆண்டுக்காக ஓவியர் ஹருநோபு வரைந்த ஒரு படத்தில், திடீரென்று பிடித்துக்கொண்ட மழையில், உலர்த்திய துணியை எடுக்க ஒரு பெண் ஓடிவருகிறாள். ஒரு மரச் செருப்பு காலைவிட்டுக் கழன்றுவிட்டது. கொடியில் தொங்கும் ஆடையின் கோலத்தில்தான் 2, 3, 5, 6, 8, 10 என்ற நீண்ட மாதங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றோடொன்று பிசகாமல் பல வண்ணங்களை அச்சிடும் முறை இந்த நண்பர்களின் போட்டியில்தான் முழு வளர்ச்சி அடைந்தது. பதிப்பாளர்கள் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது பிறகுதான்.

இரவு நிஷி-கசாயில் சூடான மிளகு ரசமும் சோறும் உண்ட பிறகே உடம்பில் சூடு ஏறியது.

பிப்ரவரி 19, புதன்: ரியோகொகு

சுமிதா ஆற்றின் கிழக்குக் கரையில் ஓவியர் ஹொகுசாய் 1760-இல் பிறந்த பகுதி இது. 2016-இல் திறந்த ஹொகுசாய் அருங்காட்சியகம் வெள்ளி நிறத் தகடுகள் போர்த்திய, கோணல் வெட்டுகள் கொண்ட கட்டடம். சுற்றியுள்ள சிறு வீடுகளும் விளையாடும் குழந்தைகளும் அதன் சுவரில் கலங்கலாகத் தெரிகிறார்கள். நிரந்தரக் காட்சிக்கு 400 யென். அங்கே தொங்குபவை பெரும்பாலும் துல்லியமான நகல்களே. ஆயினும் ஹொகுசாயின் வாழ்க்கையில் கியோகா குழுக்களுக்கு இருந்த இடத்தை ஒரே சுற்றில் புரிந்துகொள்ள முடிகிறது.

அலையும் மலையும் வரைந்தவராக மட்டுமே நாம் அறிந்த அந்த மனிதர், 1790-களின் நடுவில் சோரி என்ற பெயரில் கவிஞர் வட்டங்களுக்காகத்தான் மிகுதியாக உழைத்தார். அந்தக் காலத்துப் பெண்கள் நீண்ட முகமும் ஒல்லியான உடலும் கொண்டவர்கள். ஆற்றங்கரையில் நடப்பார்கள், கடிதம் படிப்பார்கள், பறவைக் கூண்டின் முன்னே நிற்பார்கள். கடைப் படங்களின் பெண்களைப்போல் பார்ப்பவரை நோக்கித் திரும்பி நிற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றியது. 1821-இல், அறுபதைத் தாண்டிய பிறகு, அவர் மீண்டும் யொமோ என்ற கியோகா குழுவுக்காக 36 தாள்கள் கொண்ட சிப்பித் தொடர் ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு தாளும் ஒரு சிப்பியின் பெயரைத் தாங்கி நிற்கும். படத்திலோ பெரும்பாலும் சிப்பியே இராது, கவிதையைக் கொண்டுதான் தொடர்பைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு மூலையில் முதிய ஹொகுசாய் போர்வையைத் தோளோடு போர்த்திக்கொண்டு தரையில் குனிந்து வரைவதும், மகள் ஓய் அருகில் அமர்ந்து பார்ப்பதுமாக ஆளுயரப் பொம்மைகள் இருக்கின்றன. ஓய் தேர்ந்த ஓவியர், பெண்களை வரைவதில் தந்தைக்குக் குறையாதவர். அந்த அறையின் குளிரைப் பொம்மையைப் பார்த்தே உணர முடிந்தது.

மதியம் மல்யுத்த வீரர்கள் உண்ணும் சாங்கோ என்ற கூட்டுக் குழம்பு. கோழி, முட்டைக்கோஸ், தோஃபு, காளான் எல்லாம் கொதிக்கும் சட்டியாக 1,200 யென்னுக்கு வந்தது. பரிமாறிய அம்மாள் நான் மூடியைத் திறக்கப் போனதைப் பார்த்து விரைந்து வந்து, இரண்டு விரலைக் காட்டி, இன்னும் இரண்டு நிமிடம் பொறுக்கச் சொன்னார். சரியாக இரண்டு நிமிடத்தில் வந்து அவரே திறந்துவிட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்: ஜிம்போச்சோ

இந்தப் பயணத்தில் நான் எதிர்பாராதது இன்று நிகழ்ந்தது. அக்கா மகள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்க வந்தாள். ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளின் பேட்டை. வெயில் பட்டுத் தாள் கெட்டுவிடக் கூடாது என்று பெரும்பாலான கடைகள் சாலையின் தெற்குப் பக்கத்தில் வடக்கு நோக்கி அமைந்திருக்கின்றன. அங்கே அச்சுப்படம் விற்கும் ஒரு சிறு கடையின் மாடிக்கு ஏறினோம். படி செங்குத்தானது, இருவர் எதிரெதிரே வர முடியாது.

கடைக்காரர் வெள்ளைச் சட்டைக்கு மேல் கம்பளி மேலங்கி அணிந்த முதியவர். நாங்கள் வாங்கும் நிலையில் இல்லை என்பதை அவள் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "எதற்காகச் சுரிமோனோ?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடிக்குள் பார்த்து மனம் நிறையவில்லை என்று நான் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னதும், எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். அகலமான, ஆழமில்லாத இழுப்பறை ஒன்றிலிருந்து காகித உறையை எடுத்து, சன்னலோர மேசையில் வைத்தார்.

ஓவியர் பெயர் இல்லாத தாள். 1820-களைச் சேர்ந்தது என்றார். தாழ்ந்த எழுதுமேசைக்கு முன் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். தூரிகையை மையில் தோய்த்து எடுத்துவிட்டாள், இன்னும் தாளில் வைக்கவில்லை. புத்தாண்டின் இரண்டாம் நாள் முதல் எழுத்து எழுதும் வழக்கம் அங்கே உண்டு. ஆண்டின் முதல் காலையில் இறைத்த நீரில் மை உரைத்து எழுதுவார்கள். மேசைக்குப் பின்னே ஒரு குவளையில் ஒற்றை பிளம் கிளை. மேலே இரண்டு கவிதைகள், மெல்லிய கொடிபோல் ஓடும் எழுத்தில்.

அவர் தாளை இரு விரல்களால் விளிம்பில் பிடித்து, படுக்கைவாட்டில் தூக்கி, சன்னல் பக்கமாக மெதுவாகச் சாய்த்தார். முதலில் மைக்கல்லின் குழியில் இருந்த நீர் மின்னியது. அது வெள்ளீயத் தூள், வெள்ளியைப்போல் தோன்றும். இன்னும் சற்றுச் சாய்த்ததும் தூரிகையின் காம்பில் பித்தளைத் தூள் பொன்னாக ஒளிர்ந்து, மறுகணமே அணைந்தது. பிறகு என்னைத் தலையைத் தாழ்த்தச் சொன்னார். படத்துப் பெண்ணின் கழுத்துப் பட்டையின் வெண்மையில் மையே இல்லாமல் அழுத்தி எடுத்த நெசவுக் கோடுகள் தெரிந்தன, நூல் நூலாக எண்ணலாம் போல. கறுப்பு இடை வாரிலோ கறுப்பின் மேலேயே பளபளப்பாகத் தேய்த்து எழுப்பிய ஒரு பூங்கோலம் இருந்தது. நேராகப் பார்த்தால் அது இருப்பதே தெரியாது. தாளின் பின்புறத்தையும் திருப்பிக் காட்டினார். அச்சுக்காரர் தேய்த்த சுழற்சித் தடங்கள் இருநூறு ஆண்டுகள் ஆகியும் அப்படியே இருந்தன.

"இதை யாரும் சுவரில் மாட்டியதில்லை" என்றார். உறையில் மடித்து வைத்திருப்பார்கள். நண்பர்கள் வந்தால் எடுப்பார்கள். விளக்கோ சன்னலோ இருக்கும் பக்கம் சாய்த்துக் கையிலிருந்து கைக்கு மாற்றுவார்கள். ஒருவர் கவிதையைப் படிக்க மற்றவர் சிலேடையைக் கண்டுபிடிப்பார். நான் நேற்று முன்தினம் கண்ணாடிக்கு முன் குந்தி எழுந்ததைச் சொன்னபோது, அவர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தத் தாளில் பதிப்பாளர் முத்திரை கிடையாது. 1790 முதல் விற்பனைக்கு வரும் அச்சுப்படங்களில் தணிக்கை முத்திரை இருக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. விற்காத தாளுக்கு அது தேவைப்படவில்லை. தடித்த மென்மையான ஹோஷோ காகிதம், உலோகத் தூள், புடைப்பு அச்சு ஆகிய ஆடம்பரங்களுக்கு இங்கே இடம் கிடைத்ததும் அதனால்தான். ஒரு கடைப் படம் ஏறத்தாழ ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்குக் கிடைத்த நகரத்தில், இவர்கள் தம் ஒரு கவிதை அச்சேறத் தாமே பணம் போட்டார்கள். பணம் போட்டவர்கள் எல்லோரும் பெரும் செல்வர்களும் அல்லர். கியோகா உலகின் தலைவர்களில் மெஷிமோரி விடுதி நடத்தியவர், மொகுவமி குளியல் நிலையம் நடத்தியவர், ஓதா நன்போ ஷோகுன் என்ற படைத்தலைவர் அரசின் கீழ்நிலைச் சாமுராய். இந்தப் படங்களை வரைந்த ஹொக்கெய் முதலில் மீன் விற்றவர். ஷுன்மன் ஓவியரும் கவிஞருமாக இருந்து ஒரு குழுவையே நடத்தினார்.

பெண்களும் அந்த வட்டங்களில் இருந்தார்கள். மொகுவமியின் மனைவி சியே நோ நைஷி, கவிஞர் அகேரா கான்கோவின் மனைவி ஃபுஷிமத்சு நோ காகா இருவரும் தத்தம் புனைபெயரில் மதிக்கப்பட்ட கவிஞர்கள். சுரிமோனோவில் வரும் பெண் பெரும்பாலும் படிப்பதும் எழுதுவதும் யாழ் மீட்டுவதுமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அவளை வாங்குபவர் என்று ஒருவர் இல்லை. பெறுபவர்களோ, அவள் கையில் இருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்கள்.

கடைசியாக அவர் அதேபோன்ற இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். 1890-களில் சேகரிப்பாளர்களுக்காகப் பழைய சுரிமோனோக்களைப் புதிதாகச் செதுக்கி நிறையவே அச்சிட்டார்கள். இது அந்த வகை. தனியே பார்த்தால் எனக்கு வேறுபாடு தெரிந்திராது. அருகருகே வைத்ததும் தெரிந்தது: நகலின் எழுத்து வளைவுகளில் கை தயங்கியிருக்கிறது, புடைப்பு ஆழமற்றது, சிவப்பு கண்ணைக் குத்துகிறது. நகல் 22,000 யென், மூலம் 2,40,000 யென். நம் பணத்தில் முன்னது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், பின்னது ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம். யாரும் விலை போடாமல் கைமாறிய தாளின் பின்னால் இப்போது பென்சிலில் சிறிதாக விலை எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவரைப் போன்றவர்கள் விலை போட்டுக் காப்பாற்றியிராவிட்டால் இன்று அந்தத் தாளே இராது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒன்றும் வாங்காத எங்களுக்கு அவர் தேநீர் கொடுத்து, மழைக்காலத்தில் வரவேண்டாம், ஈரத்தில் தாம் இழுப்பறையைத் திறப்பதில்லை என்று சொல்லி, படியின் கீழ்வரை வந்து வழியனுப்பினார்.

ஜிம்போச்சோ கர்ரி என்ற குழம்புச் சோற்றுக்கும் பெயர்போனது. 1,100 யென் தட்டில் இனிப்பு தூக்கலாக இருந்தது. தொட்டுக்கொள்ள ஒரு முழு உருளைக்கிழங்கும் வெண்ணெயும் தனியே வந்தன. அக்கா மகள் என் உருளைக்கிழங்கையும் சேர்த்து முடித்தாள்.

பிப்ரவரி 21, வெள்ளி: ஓர் அச்சுக்கூடம்

நேற்றுப் பார்த்த புடைப்பு எப்படி உண்டாகிறது என்பதைக் காண ஒரு மரஅச்சுப் பட்டறைக்குப் பதிவு செய்திருந்தேன். கட்டணம் 3,500 யென். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் உட்கார வேண்டும். வெளியே நான்கு டிகிரி. உள்ளே சூடேற்றி இல்லை, ஏனென்றால் நனைத்து அடுக்கிய தாள் சீராக ஈரமாக இருக்க வேண்டும், உலர்ந்து சுருங்கினால் அடுத்த நிறம் தன் இடத்தில் விழாது. அரை மணி நேரத்தில் கால் விரல்கள் இருப்பதே மறந்துபோனது.

அச்சிட்டவர் முப்பது வயதைத் தாண்டிய பெண். காட்டுச் செர்ரி மரக் கட்டைகள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை, ஒவ்வொன்றின் மூலையிலும் தாளை ஒட்டிவைக்கும் கென்தோ என்ற வெட்டு. சாயத்தைக் குதிரைமயிர்த் தூரிகையால் பரப்பி, தாளை வைத்து, மூங்கில் தோல் சுற்றிய வட்டமான பரெனால் பின்பக்கத்தைத் தேய்க்கிறார். தோளும் இடுப்பும் சேர்ந்து அசைகின்றன, மணிக்கட்டு மட்டும் இல்லை. புடைப்புக்கு வந்தபோது பரெனைக் கீழே வைத்துவிட்டு, மையிடாத கட்டையின் மேல் தாளை விரித்து, முழங்கையின் முனையை ஊன்றி உடம்பின் எடையை இறக்கினார். பள்ளத்துக்குள் தாள் இறங்கும்போது மெல்லிய முறுமுறுப்பு கேட்டது. கறுப்பின் மேல் கறுப்பாக மின்னும் கோலத்துக்கு, அச்சிட்ட தாளை முகம் மேலாகக் கட்டையின் மேல் போட்டு வழவழப்பான கடினப் பொருளால் தேய்ப்பார்களாம். பன்றித் தந்தமும் பீங்கானும் அதற்குப் பயன்பட்டன.

ஓவியர் பெயர் தாளில் நிற்கிறது, கவிஞர் பெயர் நிற்கிறது. செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர் பெரும்பாலான தாள்களில் இல்லை. மயிரிழை எழுத்தை இடவலம் மாற்றி மரத்தில் வெட்டியவரின் பெயரையாவது அந்தக் கவிஞர்கள் சேர்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்று முழுக்க இருந்தது.

பிப்ரவரி 22, சனி: முகோஜிமா

ஓவியத்தின் பிளம் மரங்களை நேரில் காண முகோஜிமா ஹ்யக்கயேன் தோட்டத்துக்குப் போனேன். நுழைவு 150 யென். 1804 வாக்கில் சஹாரா கிகுஉ என்ற பழம்பொருள் வணிகர் நிலம் வாங்கி, கவிஞர்களும் ஓவியர்களுமான நண்பர்களின் உதவியோடு 360 பிளம் மரங்களை நட்டு உண்டாக்கிய தோட்டம் இது. நிலப்பிரபுக்களின் தோட்டங்களுக்கு நடுவே, ஊர் மக்கள் தங்களுக்காகவே செய்துகொண்டது. வாசலில் தொங்கும் பலகையின் எழுத்து ஓதா நன்போவினுடையது. தோட்டத்துக்குப் பெயர் வைத்தவர் ஓவியர் சகாய் ஹோயித்சு. உள்ளே நெடுகிலும் கவிதை செதுக்கிய கற்கள். போர்க்காலக் குண்டுவீச்சில் 1945-இல் எரிந்து மீண்டும் எழுந்த தோட்டம் என்பதை மரங்களின் இளமை சொல்கிறது.

இந்த ஆண்டு குளிர் நீண்டதால் மரங்கள் பாதிதான் பூத்திருந்தன. பழைய சந்திரக் கணக்கில் புத்தாண்டு இந்தப் பருவத்தில்தான் வரும். சுரிமோனோவின் புத்தாண்டுப் பெண்களைச் சுற்றி எப்போதும் பிளம் பூப்பது ஏன் என்று சனவரி முதல் தேதிப் புத்தாண்டுக்குப் பழகிய நமக்கு எளிதில் விளங்காது. இங்கே மூச்சில் புகை வர நின்று பார்த்தால் விளங்குகிறது. பூவின் மணம் அருகில் போனால் இல்லை, இரண்டடி விலகினால் வருகிறது. கிளைகளுக்கு மேலே 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரம் நின்றது. அதைப் படத்தில் விழாமல் தவிர்க்க எல்லோரும் குனிந்து குனிந்து கேமராவைத் திருப்பினார்கள். எனக்கு அது உறுத்தலாக இல்லை.

தேநீர்க் குடிலில் சூடான அமசகே 400 யென். அரிசியை நொதிக்க வைத்துச் செய்யும் இனிப்புக் கஞ்சி, மதுவில்லை, ஒரு துணுக்கு இஞ்சியோடு தருவார்கள். பக்கத்து இருக்கையில் இரண்டு மூதாட்டிகள் சிறு குறிப்பேட்டில் ஏதோ எழுதுவதும் விரல்விட்டு அசை எண்ணுவதுமாக இருந்தார்கள். நான் பார்த்ததும் ஒருவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டார். மற்றவர் அதை எடுத்துத் திறந்து என் பக்கம் நீட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும், பூவைக் காட்டி, வரியைக் காட்டி, மூன்று விரலை மடக்கிக் காட்டினார். ஓரிடத்தில் அசை இடிக்கிறது என்று சொல்கிறார் என நான் எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தேன். கிகுஉவிடம் ஃபுகுரோகுஜு என்ற தெய்வத்தின் சிலை இருக்கக் கண்டு, மற்ற ஆறு நற்பேற்றுத் தெய்வங்களையும் சுற்றுவட்டாரக் கோயில்களில் தேடிச் சேர்த்து, புத்தாண்டு வலம் ஒன்றை அந்த நண்பர் குழுவே ஏற்படுத்தியது. அதில் பென்சைதென் என்ற பெண்தெய்வம் குடியிருக்கும் இடம் சோமெய்ஜி கோயில். அதன் அருகே 1717 முதல் சகுராமோச்சி செய்யும் கடை இருக்கிறது. உப்பில் ஊறிய செர்ரி இலைகள் மூன்றில் பொதிந்த, பயற்றுப் பூரணம் வைத்த மெல்லிய மாவுச் சுருள். இலையோடு உண்பதா, பிரித்து உண்பதா என்று என் எதிரே இருந்த கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் வாதிட்டார்கள். இலையைப் பிரித்துவிட்டு, அதன் மணம் ஏறிய மாவை மட்டும் உண்பதே சரி என்பது என் தீர்ப்பு. இலையின் உப்பு பூரணத்தைக் கொன்றுவிடுகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு: எனோஷிமா

2025 ஜப்பானியக் கணக்கில் பாம்பு ஆண்டு. பாம்பு பென்சைதெனின் தூதர். நம் சரசுவதிதான் பௌத்த நூல்களின் வழியே சீனம் கடந்து பென்சைதென் ஆனாள். கையில் வீணைக்குப் பதிலாக பிவா என்ற நரம்புக் கருவி. பாம்பு ஆண்டு பிறந்தபோதெல்லாம் கியோகா குழுக்கள் புத்தாண்டுத் தாளுக்கு அவளை வரையச் சொன்னார்கள். 1821 பாம்பு ஆண்டு, 1833 பாம்பு ஆண்டு. 1833-இல் ஹொக்கெய் எனோஷிமாப் பயணத்தை ஒரு தொடராகவே வரைந்தார். ஆகவே இந்தத் தீவைப் பார்க்காமல் திரும்ப எனக்கு மனமில்லை.

பேரரசரின் பிறந்தநாள் விடுமுறை என்பதால் கூட்டம் நெருக்கியது. பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது. வலப்புறம் ஃபூஜி மலை அடிவரை வெளுத்துத் தெரிந்தது. தீவின் வாயிலில் நிற்கும் வெண்கலத் தோரணம் 1747-இல் எழுப்பி, 1821-இல் மீண்டும் வார்த்து நிறுத்தியது. ஹொகுசாய் சிப்பித் தொடரைச் செய்த அதே பாம்பு ஆண்டு அது.

ஏற்றத்தில் ஆக்டோபஸ் அப்பளம் 500 யென். சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே முழு ஆக்டோபஸை வைத்து அழுத்துகிறார்கள். கீச்சென்று ஆவி பறக்க, முகத்தைவிடப் பெரிய மெல்லிய தகடாக வெளியே வருகிறது. இரண்டு கடி கடித்திருப்பேன், பின்னாலிருந்து ஒரு பருந்து தலைக்கு மேல் சிறகு உரச இறங்கி, பாதியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் 'ஆ' என்றார்கள்; ஓர் இளைஞர் ஓடிவந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை என்று உறுதிசெய்த பிறகே போனார். மதியம் பொடிமீன் சோறு 1,300 யென். பச்சையாகத் தரும் வகை மார்ச் பத்தாம் தேதி வாக்கில் மீன்பிடித் தடை நீங்கும் வரை கிடையாது என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். வேகவைத்தது நன்றாகவே இருந்தது, இஞ்சியும் சோயாவும் மட்டும் போதும்.

எண்கோண மண்டபத்துக்கு 200 யென். உள்ளே இரண்டு பென்சைதென். எட்டுக் கைகளில் வாளும் வில்லும் சக்கரமும் ஏந்தியவள் ஒருத்தி. 1182-இல் படைத்தலைவர் யொரிதோமோ போரில் வெல்ல வேண்டி இத்தீவில் அவள் வழிபாட்டை நிறுவச் செய்தார். மற்றவள் ஆடையின்றி, வெண்மையாக, ஒரு காலை மடித்து அமர்ந்து பிவா மீட்டும் கலைத்தெய்வம். எடோவின் பாட்டுக்காரர்களும் நடிகர்களும் இரண்டு நாள் நடந்து வந்து வணங்கியது இவளைத்தான். கவிஞர்கள் தம் தாளுக்கு அழைத்ததும் வாள் ஏந்தியவளை அதிகம் இல்லை, பிவா ஏந்தியவளைத்தான். அருகில் வெள்ளைப் பாம்பு, மேலே 31 அசைகள். எனக்கு முன்னே நின்ற ஒரு பெண் தோளில் சாமிசென் என்ற நரம்புக் கருவியின் உறையோடு வெகுநேரம் கைகூப்பி நின்றாள். கூட்டம் நெருக்கியும் யாரும் அவளை நகரச் சொல்லவில்லை.

ஹொக்கெய் இந்தத் தொடரை வரைந்த ஆண்டிலேயே தென்போ பஞ்சம் தொடங்கிவிட்டது. சில ஆண்டுகள் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. 1841 முதல் ஆடம்பரத்துக்கு எதிரான சீர்திருத்த ஆணைகள் வந்தன. குழுத் தலைவர்களில் மூத்தவர்கள் அதற்கு முன்பே மறைந்திருந்தார்கள். அடுத்த பாம்பு ஆண்டான 1845-இல், பொன்னும் வெள்ளியும் தோய்ந்த சதுரத் தாள்களைச் செய்யும் பெருவழக்கம் எடோவில் ஓய்ந்துபோயிருந்தது.